உபதேசியார் டைப் செய்துகொண்டிருக்கிறார்

கொர்னேலியஸ் முப்பத்தைந்து வருஷம் அருவங்காடு வெடிமருந்து பாக்டரியில் வேலை பார்த்தார். அத்தனை வருஷமும் வேலை நேரத்தில் அவர் பையில் ஒரு தீப்பெட்டி இருந்ததில்லை. கேட்டில் நுழையும்போது பாக்கெட்டைத் தடவிக் காட்ட வேண்டும். தீப்பெட்டி, லைட்டர், பிற்காலத்தில் செல்போன், எல்லாம் வெளியே. உள்ளே ஒரு பொறி பறக்கக் கூடாது. ஊரே போனைத் தடவிக்கொண்டிருந்த காலத்தில் அவர் பகல் முழுக்கப் போன் இல்லாத மனிதராக இருந்தார். ரிட்டயர்டு ஆன அன்று மாலை போட்டு, சால்வை போர்த்தி, ஒரு சுவர்க் கடிகாரத்தையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் காலையில் போனை எடுத்தார். அதற்கப்புறம் கீழே வைக்கவில்லை.

ஆனால் கைப்பழக்கம் எங்கே போகும்? போனையும் அவர் வெடிமருந்து மாதிரியேதான் கையாண்டார். ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தொடுவார். அனுப்புவதற்கு முன் ஒருதரம் மனதுக்குள்ளும் ஒருதரம் வாய்விட்டும் படிப்பார். இப்படிப்பட்ட ஆள் கிடைத்தால் சபை விடுமா? மேலக்கோயில் வாட்ஸப் குரூப்புக்கு அவரை அட்மின் ஆக்கினார்கள். பிறகு பாடகர் குழு, பென்ஷன்காரர்கள், தெருவில் தண்ணீர் விடும் நேரம் சொல்லும் குரூப் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. தெருவில் சிலர் அவரை "அட்மின் ஐயா" என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். மனைவி பிரிஸில்லா மட்டும் "ஏனுங்க அட்மின், பால் பொங்குது பாருங்க" என்பாள்.

அவர் குரூப்புகளில் சட்டம் உண்டு. குட்மார்னிங் பூ கூடாது. பார்வர்டு கூடாது. அரசியல் கூடாது. மீறினால் தனியாகப் போன் போட்டு, "ஏனுங்க, அந்த ரோஜாப்பூவை மட்டும் எடுத்துருங்க" என்பார். எடுத்துவிடுவார்கள். ஒரு பொறி பறந்ததில்லை.

அருவங்காட்டில் மலை ரயில் தண்டவாளத்துக்கு மேலே ஒரு கோயில், கீழே ஒரு கோயில். ஒரே மிஷன், ஒரே பாட்டுப் புத்தகம், ஒரே பிஷப். இரண்டுக்கும் நடுவே நின்று ஒருவர் இருமினால் இரண்டு இடத்திலும் கேட்கும். பின்னே எதற்கு இரண்டு என்றால், அதற்குக் காரணம் ஒரு எழுத்து.

பாக்டரி கட்டிய நாளில் கல் உடைக்கவும் சுவர் எழுப்பவும் கீழ்நாட்டிலிருந்து ஜனங்கள் வந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் கொஞ்சம், கோயமுத்தூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் கொஞ்சம். எல்லாருக்கும் ஒரு தகரக் கொட்டகைதான் கோயில். போதகர் வராத நாளில் சபையை நடத்தும் உபதேசியாராக இருந்தவர் தேவாசீர்வாதம், திருநெல்வேலிக்காரர், கொர்னேலியஸின் கொள்ளுத்தாத்தா. சபையில் பெரிய தலை குருபாதம் மேஸ்திரி, கோயமுத்தூர்க்காரர். 1911இல் அசனம் வைத்தார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை சபையார் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து அது. தெற்கத்திக்காரர்கள் மூட்டை முடிச்சோடு சேர்த்துக் கொண்டுவந்த வழக்கம். உபதேசியாரே சோறு பரிமாறினார். மேஸ்திரியின் இலைக்கு வந்து குனிந்து என்னவோ சொன்னார். மேஸ்திரி பாதிச் சோற்றில் எழுந்து போனார். கூடவே பாதிப் பந்தியும் எழுந்தது. அடுத்த வருஷம் தண்டவாளத்துக்குக் கீழே இன்னொரு கோயில் இருந்தது. மேஸ்திரி கட்டியது. நல்ல சுவர். இன்றுவரை ஒரு விரிசல் இல்லை.

உபதேசியார் சொன்னது என்ன? "இன்னும் வாங்கும் வே" என்று உபசரித்தார் என்பது மேலக்கோயில் சாட்சி. "இன்னுமா வே?" என்று கேட்டார் என்பது கீழக்கோயில் சாட்சி. இரண்டிலும் அந்த 'வே' உண்டு. தெற்கே 'வே' என்பது உரிமைக்கும் மரியாதைக்கும் நடுவில் ஒரு பலகை போட்டு உட்கார்ந்திருக்கும் சொல். வயதில் மூத்த சிநேகிதனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கோயமுத்தூர்ப் பக்கம் பேச்சுக்குப் பேச்சு 'ங்க' வேண்டும். வண்டி மாட்டையே "போங்க சாமி" என்று ஓட்டுகிற சீமை. அங்கே பிறந்தவர் காதில் 'வே' எப்படி விழுந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது கொர்னேலியஸ் வீட்டிலும் கொங்குப் பேச்சுதான். நான்கு தலைமுறையில் மலைக்காற்று மற்றதையெல்லாம் கொண்டுபோய்விட்டது. 'வே' மட்டும் எப்போதாவது, கொர்னேலியஸ் கால் விரலைக் கட்டிலில் இடித்துக்கொள்ளும்போது வரும்.

இந்த நிலையில்தான் கொர்னேலியஸின் மகள் ஜூடித், குன்னூர் பள்ளிக்கூட டீச்சர், கீழக்கோயில் சில்வஸ்டரின் மகன் ரெனிஷைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னாள். ரெனிஷ் தேயிலை புரோக்கர் ஆபீசில் வேலை. இருவரும் காலை பஸ்ஸில் பழக்கமாம். சில்வஸ்டர் வெலிங்டன் போகிற வழியில் வர்க்கி பேக்கரி வைத்திருப்பவர், கீழக்கோயில் செக்ரட்டரி, குருபாதம் மேஸ்திரியின் கொள்ளுப் பேரன். பயந்துகொண்டேதான் பேச்சு ஆரம்பித்தது. ஆனால் சில்வஸ்டர் வீட்டில் தேங்காய் பன்னும் டீயும் கொடுத்து, "அதெல்லாம் அந்தக் காலமுங்க" என்றார்கள். நிச்சயம் முடிந்தது. தபசு நாட்களுக்கு முந்தின வாரம் கல்யாணம். ஈஸ்டருக்கு முந்தின நோன்பான தபசு ஆரம்பித்துவிட்டால் நாற்பது நாள் கோயிலில் கல்யாணம் கிடையாது. அது முடிந்தால் ஊட்டி சீசன், மண்டபமும் கிடையாது, சொந்தக்காரர்கள் தங்க ரூமும் கிடையாது.

கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணின் கோயிலிலும் மாப்பிள்ளையின் கோயிலிலும் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று போதகர் வாசிப்பார். ஒன்று குறைந்தாலும் கல்யாணம் இல்லை. முதல் ஓலை வாசித்தாயிற்று. இரண்டாம் ஓலையும் ஆயிற்று.

அந்தச் சந்தோஷத்தில் கொர்னேலியஸ் ஒரு காரியம் செய்தார். மேலக்கோயிலுக்கு ஆண்டு விழா, அந்தச் சனிக்கிழமை அசனம். வழக்கமாக இளைஞர்கள் சபை வரலாற்றை நாடகம் போடுவார்கள், மைக் வேலை செய்யாது. இந்தத் தடவை வாட்ஸப்பில் போடலாம் என்றார். குரூப் பேர் '1911'. ஆளுக்கொரு முன்னோர். அந்தக் காலத்தில் போன் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பார்களோ அதை எழுத வேண்டும். இரண்டு கோயிலாருக்கும் இடம் உண்டு.

"எதுக்குங்க வம்பு? ஓலை முடியட்டும்," என்றாள் பிரிஸில்லா.

"வம்பு எங்கெ வருது? நாந்தானே அட்மின்."

உபதேசியாராகக் கொர்னேலியஸ். குருபாதம் மேஸ்திரியாகச் சில்வஸ்டர். வெள்ளைக்கார மிஷனரி பிளெச்சர் ஐயராக டெனின். இவன் பிரிஸில்லாவின் அண்ணன் மகன், தோஹாவில் ஏசி கம்பெனியில் இருப்பவன், இங்கிலீஷ் வரும் என்பதால் அவனுக்குக் கொடுத்தார்கள். அந்தக் காலத்துப் பெண்கள் யார் பெயரும் யாருக்கும் ஞாபகமில்லை. எனவே பாடகர் குழு தபித்தாள் டீச்சர் தன் பெயரை 'சமையல்காரி, பேர் தெரியாது' என்று மாற்றிக்கொண்டார்.

குரூப் அமோகமாக நடந்தது.

'பிரியமான சபையாரே, நாம் அநேகப் பிரயாசத்தோடே மலையேறி வந்து சேர்ந்தோம்' என்று பிளெச்சர் ஐயர் எழுதினார். கூடவே லொக்கேஷன் அனுப்பினார். அது தோஹா என்று காட்டியது. 

'ஐயா வழி தவறிட்டாருங்க, யாராவது லாந்தர் எடுத்துட்டுப் போங்க' என்றார் சமையல்காரி.

'கூரைக்குத் தகரம் இன்னும் வரலை. மேட்டுப்பாளையத்துல மழையாமா. சுண்ணாம்பு ஊறுது' என்றார் குருபாதம் மேஸ்திரி. சில்வஸ்டர் இதில் இவ்வளவு இறங்குவார் என்று யாரும் நினைக்கவில்லை. விடிகாலையில் அடுப்பு மூட்டும்போதே எழுதுவார். கடைசியில் மேஸ்திரிக்கு முழங்கால் வலி கூட வந்தது.

வியாழக்கிழமை, குரூப்பில் அசனம். கொர்னேலியஸ் முன்கூட்டியே முடிவு செய்திருந்தார். அந்த வாக்கியத்தை எழுதுவதில்லை. 'இன்னும் வேண்டுமா ஐயா?' என்று மேஸ்திரியிடம் கேட்பது. மேஸ்திரி வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்வார். பந்தி முடியும். வரலாறு அங்கே கொஞ்சம் வளைந்துகொடுக்கட்டும். கல்யாணம் நெருங்குகிற வேளை.

சமையல்காரி, சோறு வெந்தது என்றார். பிளெச்சர் ஐயர் ஜெபம் செய்தார். மேஸ்திரி, 'இலை போட்டாச்சு, உக்காந்துட்டேன்' என்றார். எல்லாரும் காத்திருந்தார்கள். எல்லார் திரையிலும், உபதேசியார் டைப் செய்துகொண்டிருப்பதாகக் காட்டியது. நெடுநேரம் காட்டியது.

கொர்னேலியஸ் 'இன்னும்' என்று அடித்தார். சரிபார்த்தார். இடைவெளி விட்டார். 'வே' என்று அடித்தார். அந்த நேரம் பார்த்து அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. முப்பத்தைந்து வருஷம் பாக்டரிச் சங்குக்கு எழுந்து பழகிய உடம்பு லேசாகத் துள்ளியது. விரல் பச்சை அம்பில் பட்டது.

'இன்னும் வே.'

போய்விட்டது. பார்த்தவர்கள் பட்டியலில் ஒவ்வொரு பேராக ஏறியது.

அவர் செய்த இரண்டாவது தப்பு, அதை அழித்தது. 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று வந்ததும், பார்த்தவர்கள் பார்த்ததைச் சொன்னார்கள், பார்க்காதவர்கள் அதைவிடப் பெரியதாக நினைத்துக்கொண்டார்கள்.

'ஐயோ' என்றார் சமையல்காரி.

அடுத்து வந்தது மனிதர் எழுதியதல்ல, வாட்ஸப்பே எழுதியது. குருபாதம் மேஸ்திரி குழுவிலிருந்து வெளியேறினார். அவர் பின்னால் கீழக்கோயிலார் ஒவ்வொருவராக. திரை முழுக்க வெளியேறினார், வெளியேறினார், வெளியேறினார். 1911இல் எழுந்துபோன பந்தி இவ்வளவு வரிசையாக எழுந்திருக்குமா என்று தெரியாது.

டெனின் தோஹாவிலிருந்து போன் போட்டான். "மாமா, ஒண்ணும் பயப்படாதீங்க. ரயில் ஊதுன சத்தத்துல மீதி கேக்கலைன்னு போட்டுருவோம். நான் பிளெச்சர் ஐயராவே சாட்சி சொல்றேன்."

"ரயிலை இதுல இழுக்காத. போனை வை."

சாயங்காலம் ஜூடித் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றாமலே நின்றாள்.

"அப்பா, உங்க தாத்தாவோட தாத்தா யாரையோ வேன்னு சொன்னதுக்கு, என் ஓலை நிக்குமா?"

"கொள்ளுத்தாத்தா," என்றார் கொர்னேலியஸ்.

"ரெனிஷ் சொல்றான், அவங்கப்பா ஊட்டுக்குள்ளயும் மேஸ்திரியாவே இருக்கறாராம். அத்தைகிட்ட சுண்ணாம்பு வந்துச்சான்னு கேக்கறாராம். ஓலைச் சீட்டை எடுத்துச் சட்டைப் பையில வெச்சிருக்காராம்."

கீழக்கோயிலில் ஞாயிற்றுக்கிழமை ஓலைச் சீட்டைப் போதகர் கையில் எடுத்துக் கொடுப்பவர் செக்ரட்டரி. செக்ரட்டரி கொடுக்க மறந்தால், போதகர் வாசிக்க மாட்டார். மறதிக்கு யாரும் காரணம் கேட்க முடியாது.

 வெள்ளிக்கிழமை காலை, புல்லில் உறைபனி உப்பு மாதிரிக் கிடக்க, மங்கி கேப்பை மாட்டிக்கொண்டு கொர்னேலியஸ் பேக்கரிக்கு நடந்தார். 

சில்வஸ்டர் வர்க்கித் தட்டை அடுப்பிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தார். "வாங்க சம்பந்தி, உக்காருங்க. டீ சாப்பிடறீங்களா?" என்றார். குரலில் ஒரு குறையும் இல்லை. அதுதான் கொர்னேலியஸுக்குப் பயமாக இருந்தது.

"சில்வஸ்டருங்க, அது வேணுமான்னு அடிக்க வந்ததுங்க. பாதியில போயிருச்சு."

"தெரியுமுங்க."

"தெரியுமா?"

"உங்க விரலு எனக்குத் தெரியாதுங்களா? உங்க மேல எனக்கு ஒண்ணும் கிடையாதுங்க." சில்வஸ்டர் தட்டைக் கீழே வைத்தார். "குருபாதம் மேஸ்திரிக்குத்தான் மனசு சரியில்லை."

கொர்னேலியஸ் டீயைப் பார்த்தார். சிரிக்கலாமா என்று தெரியவில்லை. எதிரில் இருந்தவர் முகத்தில் அதற்கான அனுமதி இல்லை.

"நாலு நாளு அந்த மனுசனா இருந்து பார்த்தேனுங்க," என்றார் சில்வஸ்டர். "காலையில எந்திரிச்சா, மேஸ்திரி இன்னைக்கு என்ன சொல்லுவாருன்னு ரோசனை. நேத்து குரூப்பை உட்டு வெளிய வந்து கடையில உக்காந்துட்டுப் போனைப் பாத்துக்கிட்டே இருந்தேன். யாராச்சும் கூப்பிடுவாங்கன்னு. கூப்பிடலை. அப்பத்தான் தெரிஞ்சுது. அந்த மனுசன் அந்தச் சொல்லுக்காவ கோயில் கட்டலீங்க. எந்திரிச்சுப் போனவரை ஒருத்தரும் பின்னாடி வந்து கூப்பிடலீங்க. அவரும் ஊட்டு வாசல்ல உக்காந்து பாத்திருப்பாரு. ஒரு நா, ரெண்டு நா. அப்பறம் என்ன பண்றது? கையில வேலை இருந்துச்சு. சுவத்தை எழுப்பிட்டாரு."

"வருசா வருசம் உங்களுக்கு அசன நோட்டீஸ் அனுப்பறோமுங்களே."

"வருதுங்க. பியூன் கொண்டாந்து கேட்டுல சொருகிட்டுப் போவாரு. எங்க தெருவுல கரண்ட் பில்லுதாங்க அப்படி வரும்." ஒரு காகிதப் பையில் வர்க்கியை நிரப்பி நீட்டினார். "சூடா இருக்குது, ஜூடித்துக்குக் குடுங்க." ஓலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டைப் பையில் மடித்த சீட்டின் ஓரம் தெரிந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் கொர்னேலியஸ் பாதியில் நின்றுவிட்டார். '1911' குரூப்பில் போனவர்களை மறுபடி சேர்க்க அட்மினுக்கு ஒரு விரல் போதும். வியாழக்கிழமை முழுக்க அவர் அந்தப் பொத்தானைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தானாக வருவார்கள் என்று நினைத்திருந்தார். அவர் கொள்ளுத்தாத்தாவும் இதையேதான் நினைத்திருப்பார்.

"பிரிஸில்லா, பட்டுச் சேலை எடுத்துக் கட்டு," என்றார் வீட்டுக்குள் நுழைந்ததும்.

"எங்கெ?"

"அசனத்துக்கு அழைக்கப் போகணும்."

"நாளைக்கு அசனம், இன்னைக்கா அழைப்பு?"

"ஏற்கெனவே ரொம்ப லேட்டு."

தட்டில் ஆப்பிளும் மாதுளையும் வைத்து, புருஷனும் பெண்சாதியுமாகத் தண்டவாளத்தைத் தாண்டி இறங்கினார்கள். சில்வஸ்டர் வீட்டில் மட்டும் நிறுத்தவில்லை. மேஸ்திரியின் வழியில் வந்த வீடுகள், அவரோடு எழுந்துபோனவர்களின் வீடுகள் என்று கீழக்கோயில் தெரு முழுக்க. சிலர் யாரோ ஓட்டுக் கேட்க வந்திருப்பதாக நினைத்துக் கதவைத் திறக்கவில்லை. ஒரு வீட்டில் நாய் கொர்னேலியஸின் வேட்டியைப் பிடித்தது. "வே!" என்று கத்தினார். நல்லவேளை, நாய் மட்டும்தான் கேட்டது.

கடைசியாகச் சில்வஸ்டர் வீடு. ரெனிஷ் கதவைத் திறந்து, தட்டைப் பார்த்து, உள்ளே ஓடினான். சில்வஸ்டர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நாளைக்கு அசனமுங்க. ஊட்டோட வரணுமுங்க," என்று தட்டை நீட்டினார் கொர்னேலியஸ். 'ங்க'வை ஒன்றுகூட விடவில்லை.

சில்வஸ்டர் தட்டை வாங்கவில்லை. "யாருங்க கூப்பிடறது? கொர்னேலியஸா, உபதேசியாரா?"

பிரிஸில்லா புருஷனின் முழங்கையைக் கிள்ளினாள். எதற்குக் கிள்ளினாள் என்று அவருக்குப் புரியவில்லை.

"ரெண்டு பேருந்தாங்க. அவர் அன்னைக்கே வந்திருக்கோணும். வரலை. நான் வந்திருக்கறேன்."

சில்வஸ்டர் தட்டை வாங்கி மனைவியிடம் கொடுத்தார். "சொல்லிப் பாக்கறேனுங்க," என்றார்.

யாரிடம் சொல்லிப் பார்ப்பார் என்று கேட்கிற தைரியம் கொர்னேலியஸுக்கு இல்லை.

சனிக்கிழமை பந்தியில் கீழக்கோயிலார் வந்திருந்தார்கள். எல்லாரும் இல்லை. கதவைத் திறக்காதவர்கள் வரவில்லை. சில்வஸ்டர் வெள்ளை வேட்டி சட்டையில், நடுப் பந்தியில் உட்கார்ந்திருந்தார். கறிக்குழம்பு வாளி ஒருவர் கையில், சோற்று வாளி கொர்னேலியஸ் கையில். இலைக்கு இலை நகர்ந்து அங்கே வந்தபோது பக்கத்து இலைகளில் கை நின்றது. தபித்தாள் டீச்சர் அடுப்படி வாசலில் கரண்டியோடு வந்து நின்றார்.

கொர்னேலியஸ் குனிந்தார். வாயைத் திறந்தார். எந்தச் சொல்லைத் தொட்டாலும் அது 'இன்னும்' என்று ஆரம்பித்து 'வே'யில் போய் நிற்கும் போலிருந்தது. வாயை மூடிக்கொண்டு ஒரு கரண்டி சோறு வைத்தார். நின்றார். இன்னொரு கரண்டி வைத்தார். சில்வஸ்டர் கையைக் குறுக்கே நீட்டவில்லை. மூன்றாவது கரண்டிக்குப் பிறகு இலையில் சில்வஸ்டரின் கை போக இடம் இல்லை.

"கொளம்பு எங்க ஊத்தறதுங்க?" என்று கேட்டார் சில்வஸ்டர்.

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் உட்கார்ந்து அத்தனையையும் சாப்பிட்டார். எழுந்தது எல்லாருக்கும் கடைசியில்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு கோயிலிலும் ஒரே நேரத்தில் ஆராதனை. மேலக்கோயிலில் மூன்றாம் ஓலை வாசித்து, ஆட்சேபணை கேட்டார்கள், யாரும் இருமக்கூட இல்லை. பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி தண்டவாளத்துக்குக் கீழே. கொர்னேலியஸ் ஆராதனையில் போனைத் தொடுவதில்லை. அது அவர் போட்ட சட்டம். சட்டைப் பைக்குள் அது ஒருதரம் அதிர்ந்தது. பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. பிரிஸில்லா பெண்கள் பக்கத்திலிருந்து அவரைப் பார்த்தாள். ஜூடித்தும் பார்த்தாள். அவர் போனைப் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்துத் திறந்தார்.

முதலில் வாட்ஸப் எழுதியது. குருபாதம் மேஸ்திரி அழைப்பு இணைப்பு வழியாகச் சேர்ந்தார். இணைப்பை ரெனிஷ் அனுப்பியிருக்க வேண்டும். அதன் கீழே மேஸ்திரியே எழுதியது.

'மூணாம் ஓலை வாசிச்சாச்சு. ஆட்சேபணை இல்லை வே.'

கொர்னேலியஸ் அதை மனதுக்குள் ஒருதரம் படித்தார். பிறகு, பழக்கம் பாருங்கள், வாய்விட்டும் ஒருதரம் படித்தார்.

பிரசங்கம் நின்றது. சபை திரும்பிப் பார்த்தது. "என்னங்க கொர்னேலியஸ்?" என்றார் போதகர் பீடத்திலிருந்து.